ஏரியில் ஒருவர் உண்மை பேசுகிறார்

அத்தியாயம் 9

"ரேடியோவுல யாரோ உண்மை பேசுறாங்க" என்றாள் பெர்னீஸ் மசார்ட்.

"பேசினா என்ன? அது குத்தமா?" என்று கேட்டாள் ட்ரூடி ஹ்ருஷ்கா.

"மத்த ஊர்ல இல்ல. எங்க துறைமுகத்துல குத்தம்தான்."

"யாருன்னு தெரியலையா?"

"தெரிஞ்சா உங்க ஆபீஸ் மாடிப்படியை ஏன் ஏறறேன்? மைக்ல துணியைச் சுத்திக்கிட்டுப் பேசுறான். மீன் எங்க இருக்கு, எந்த ஆழத்துல இருக்கு, எந்தக் கலர் தகட்டைத் தூண்டில்ல மாட்டினா கடிக்கும்னு விடிஞ்சும் விடியாம சொல்றான். சொன்னது சொன்னபடி இருக்கு. நான் போனேன், பிடிச்சேன். இப்போ சால்மன் போட்டியில முதல் இடத்துல நிக்கிறேன். அதுதான் வினையாப் போச்சு."

"முதல் இடம் வந்ததுக்கு அழற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"நார்பர்ட் ஸாஸ்ட்ரோ புகார் குடுத்திருக்கான். அந்தக் குரல் என் கூட்டாளியாம். ஒரு படகு இன்னொரு படகுக்குத் திருட்டுத்தனமா உதவி செய்யக் கூடாதுன்னு போட்டியில விதி இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் கடைசி எடை. அதுக்குள்ள நான் தப்பு பண்ணலேன்னு காட்டலேன்னா என் மீனை எல்லாம் கணக்குல இருந்து அடிச்சிடுவாங்க. அப்புறம் ஏமாத்துக்காரியோட படகுல காசு குடுத்து மீன் பிடிக்க எந்த வாடிக்கையாளர் ஏறுவார்? அரிசோனாவுல என் தங்கச்சி எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சு வெச்சிருக்கா. இந்தப் போட்டியில ஜெயிச்சா இருக்கேன், இல்லேன்னா படகை வித்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டேன். வாழ்நாள் பூரா கள்ளிச்செடியைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

இந்த உரையாடல் வெண்டல் போட்வினுக்கு மறுநாள் விடியற்காலையில் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. அப்போது அவன் பெர்னீஸின் படகு விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டிருந்த காலை உணவை மிச்சிகன் ஏரிக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்" என்றான் நிமிர்ந்து. "ஆறு வருஷமா உங்ககிட்ட உதவியாளரா இருக்கேன். ஒரு தடவையாவது தரையில நடந்த குற்றத்தை எடுத்துக்கக் கூடாதா?"

"போன மாசம் சீஸ் ஆலைத் திருட்டு தரையிலதானே நடந்தது?"

"அங்க என்னை நாய் கடிச்சுது."

ட்ரூடி சிரிக்கவில்லை. ஐம்பத்திநாலு வயது. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் மனிதர்களின் புளுகைக் கேட்டுக் கேட்டு, யாராவது 'குட்மார்னிங்' என்றால்கூட ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது அவள் சுக்கானுக்குப் பக்கத்தில் காபிக் குவளையோடு உட்கார்ந்து ரேடியோவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பெல்கின் துறைமுகத்தின் படகுகளெல்லாம் பனிமூட்டத்துக்குள் எங்கெங்கோ ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. பெர்னீஸின் படகுக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று பெயர். சாப்பாட்டில் ஆசை உள்ள பெண்மணி. மனிதன் நடக்கிற வேகத்தில் படகு போக, அதன் இருபுறமும் தூண்டில் கழிகள் வில்லாக வளைந்து நின்றன. இரும்புக் குண்டு கட்டிய கம்பிகள் தூண்டில்களை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தன. நுனியில் மின்னும் தகடுகள், கீழே இருட்டில் குட்டி மீன்களைப் போல நடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஏரியில் அந்தத் தகடுகள்தான் நன்றாக நடிக்கும் என்று நினைத்தால் அது தப்பு. ரேடியோவைக் கேட்க வேண்டும்.

"இங்க ஒண்ணும் இல்லப்பா. சின்னதா ரெண்டு. தெற்கே நாப்பது அடியில, வெள்ளைத் தகடு" என்றது ஒரு குரல்.

"இது பொய்" என்றான் வெண்டல். "இவன் எப்பவும் ஆழத்தைப் பாதியாக்கிச் சொல்லுவான். வெள்ளைன்னா நீலம்."

"எனக்கு ஒரு கடிகூட இல்ல. வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றது இன்னொன்று.

"இவன் பெட்டி ரொம்பிடுச்சுன்னு அர்த்தம்."

பெல்கின் துறைமுகத்தில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. மரியாதை என்பார்கள். நான் உன்னிடம் பொய் சொல்கிறேன், நீ என்னிடம் பொய் சொல்கிறாய், இருவரும் நம்பவில்லை, ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நட்போடு வாழ்ந்து வந்தார்கள்.

அப்போதுதான் அது வந்தது. கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்.

"கலங்கரை விளக்கத்துக்கு வடகிழக்கே. நூத்திப்பத்தடி தண்ணி. தூண்டிலை அறுபதுல விடுங்க. பச்சைத் தகடு, கறுப்புப் புள்ளி. மெதுவாப் போங்க."

ரேடியோ ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு ஏரி முழுக்கச் சிரித்தது.

"கேட்டுச்சா? வடகிழக்காம்" என்றது நார்பர்ட் ஸாஸ்ட்ரோவின் கட்டைக்குரல். "சரி, எல்லாரும் தென்மேற்கே வாங்கப்பா."

சிரிப்புக்கு நடுவில் அறிமுகமில்லாத ஒரு குரல் புகுந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றது. அவ்வளவுதான். படகுகள் மறுபடி சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் அந்தக் குரல் பேசி முடிப்பதற்குள்ளேயே பெர்னீஸ் சுக்கானை வடகிழக்கே திருப்பிவிட்டிருந்தாள். பச்சைத் தகடு ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"இத்தனை புளுகர்களுக்கு நடுவுல இந்த ஒரு ஆளை எப்படி நம்பினீங்க?" என்று கேட்டாள் ட்ரூடி.

"சும்மாத்தான்" என்றாள் பெர்னீஸ். "முதல் நாள் வேற எதுவும் கடிக்கல. போய்த்தான் பாப்போமேன்னு போனேன்."

மேற்கொண்டு கேட்க வழியில்லாமல் வலப்பக்கக் கழி ஒன்று துள்ளி எழுந்து, உடனே தண்ணீரைத் தொடுமளவு குனிந்தது. பெர்னீஸ் பாய்ந்து அதைப் பிடித்தாள். படகு தன் போக்கில் திரும்பத் தொடங்கியது. ஒரு கையால் சுக்கானையும் ஒரு கையால் கழியையும் பிடித்துக்கொண்டு, "வலையை எடு. வாந்தியை அப்புறம் எடுக்கலாம்" என்று வெண்டலுக்குக் கட்டளையிட்டாள். அவன் வலையை எடுத்தான். அதில் முதலில் மாட்டியது அவனுடைய தொப்பி. இரண்டாவதாகத்தான் மீன். நல்ல சால்மன், வெள்ளிக் கட்டி. ஆனால் முந்தாநாள் அவளை முதல் இடத்துக்குக் கொண்டுபோன இருபத்தேழு பவுண்டு மீனுக்கு இது தம்பிதான்.

கரைக்குத் திரும்பும்போது ட்ரூடி சொன்னாள், "வெண்டல், பொய் சொல்ல எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. உண்மை சொல்லணும்னா முதல்ல அது தெரிஞ்சிருக்கணும். அந்தக் குரலுக்கு மீன் இருக்கிற இடம் தெரியுது. தெரிஞ்சவன் ஏன் தானே போய்ப் பிடிக்கல?"

"தர்மவான் போல."

"தர்மவான் எவனும் முகத்துல துணி கட்டிக்க மாட்டான்."

துறைமுகத்தில் எடைக் கொட்டகைச் சுவரில் பெரிய பலகை. போட்டியில் இருக்கும் படகுகளின் வரிசை அதில்தான். எல்லோரும் அதை மேலிருந்து படிப்பார்கள். ட்ரூடி குனிந்து கடைசி வரியிலிருந்து படித்தாள். கடைசியில் இருந்த பெயர் ஆம்ப்ரோஸ் ஜேடின். படகு, 'சாப்பாட்டுக்கு லேட்'.

"அது எழுதினவன் பண்ணின தப்பு" என்றான் வெண்டல். "ஆம்ப்ரோஸ் குளிக்கிற தொட்டியில தூண்டில் போட்டாலே ரெண்டு மீன் வரும். அந்தக் கோப்பையை அத்தனை தடவை ஜெயிச்சு, அதுல இப்போ அவர் ஆணி போட்டு வெச்சிருக்காராம்."

"இந்த வருஷம் ஒரு மீன்கூட எடைக்கு வரல."

"நேரம் சரியில்லாம இருக்கும்."

"இருக்கும்" என்றாள் ட்ரூடி. அவள் 'இருக்கும்' என்றால் இல்லை என்று பொருள்.

வெண்டலின் வயிறு இன்னும் ஏரியிலேயே இருந்தது. துறைமுகக் கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரி டெலோரஸ்தான் போட்டிக் குழுவுக்கும் தலைவி. காலையில் கயிறும் கையுறையும் விற்பாள், சாயங்காலம் தராசுக்கு முன்னால் நீதிபதியாவாள். வெண்டல் கல்லாவின் மேல் சாய்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வாழைப்பழம் இருக்கா?"

டெலோரஸும் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் கடையில் வாழைப்பழம் கண்ணில் படும்படி வைக்கப்படுவதில்லை. கல்லாவுக்குக் கீழே, பழுப்புக் காகிதப் பையில் இருக்கும். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் இறங்கிவிடும் என்பது ஏரியறிந்த விஷயம். வெண்டலையே ஒருமுறை வாழைப்பழ ரொட்டி வைத்திருந்த குற்றத்துக்காக ஒரு கேப்டன் பாதி வழியில் கரையில் இறக்கிவிட்டிருக்கிறார்.

"தீந்துபோச்சு" என்றாள். "வாரம் பூரா வர்றதெல்லாம் ஒரே ஆள் அள்ளிட்டுப் போறான். இன்னிக்கு வந்ததும் காலி."

"யாரு, குரங்கு வளக்கறாங்களா?"

"ஆம்ப்ரோஸ் ஜேடின். வீட்டுல வெச்சுத் தின்னுட்டுத்தான் வருவான். படகுக்கு எடுத்துட்டுப் போற அளவு மூளை கெட்டவனா என்ன?"

ட்ரூடி அதுவரை ஒரு தூண்டில் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

வெளியே வந்ததும் வெண்டல், "வாழைப்பழம் தின்கிறது குத்தமில்ல பாஸ்" என்றான்.

"தின்கிறது இல்ல. ஏத்தறதுதான். உனக்குத் தோக்கணும்னு ஆசை, ஆனா தோக்கத் தெரியல. என்ன செய்வ?"

வெண்டல் இரண்டு அடி நடந்தான். பிறகு நின்றான். பிறகு, "ஐயோ பாவம்" என்றான்.

ஆம்ப்ரோஸ் ஜேடின் தன் படகின் பின்தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் விழாத தளத்தில் கழுவ என்ன இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் கழுவினார். நெடிய உருவம், நரைத்த தாடி. வார்த்தைகளைக் கடைசிக் கையிருப்பு மாதிரி செலவழிக்கிறவர்.

"குட்மார்னிங், கேப்டன்" என்றாள் ட்ரூடி.

"ம்."

"மேல வரலாமா?"

"ம்."

"மீன் எப்படி?"

"இல்ல."

வெண்டல் மூக்கை உறிஞ்சினான். "கேபின்ல என்ன வாசனை கேப்டன்?"

"டீசல்."

"நல்லாப் பழுத்த டீசல் போல இருக்கே."

ட்ரூடி இரண்டு எட்டில் கேபின் அலமாரியைத் திறந்தாள். உயிர்காப்புச் சட்டைகளுக்குப் பின்னால், கொக்கியில், ஒரு முழுச் சீப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ரேடியோ மைக். அதன் கழுத்தில் ஒரு கம்பளிக் காலுறை.

வெண்டல் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினான். பிணத்தைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டான்.

"டாக்டர் சொன்னார்" என்றார் ஆம்ப்ரோஸ். "சத்து."

"காலுறையும் டாக்டர் சொன்னதா?"

ஆம்ப்ரோஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அதுவரை சேர்த்துவைத்த சொற்களையெல்லாம் மொத்தமாக எடுத்தார்.

"தப்பா மீன் பிடிச்சுப் பாத்தேன். முடியல. கை கேக்க மாட்டேங்குது. தப்பான ஆழத்துல விட்டா அங்கயும் ஒண்ணு வந்து கடிக்குது. அதுக்குத்தான் பழம்."

"பலன் இருந்ததா?" என்று கேட்டாள் ட்ரூடி.

"பாதி. நேத்து ஒரு ஆண் மீன் வந்துச்சு. முப்பது பவுண்டு தேறும். திருப்பி விட்டுட்டேன்."

வெண்டலும் உட்கார்ந்துவிட்டான். "முப்பது பவுண்டை ஏரியில திருப்பி விட்டீங்களா? இதுக்குப் பேருதான் பாஸ் குற்றம். இதை முதல்ல விசாரிப்போம்."

"எதுக்காக?" என்று கேட்டாள் ட்ரூடி.

ஆம்ப்ரோஸ் தலையைத் திருப்பினார். பக்கத்துத் துறையில் நின்ற 'இன்னும் கொஞ்சம்' படகைப் பார்த்தார். பெர்னீஸ் அங்கே தன்னந்தனியாகக் கழிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அரிசோனாவுல சால்மன் கிடையாது" என்றார்.

ட்ரூடி அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள், "சாயங்காலம் வந்து டெலோரஸ்கிட்ட நீங்கதான்னு சொல்லிடுங்க."

"சொன்னா, யாருக்காகப் பேசினேன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் வராது. வராதுன்னுதான் இத்தனை வருஷமா ரேடியோவுல வாயே திறக்கல. அவளுக்காகன்னு சொல்லிடுவேன். சொன்னா அவ மீன் போயிடும்."

"அப்ப வராதீங்க" என்றாள் ட்ரூடி.

திரும்பி நடக்கும்போது வெண்டல் புலம்பினான். "ஆள் கிடைச்சாச்சு. ஒத்துக்கிட்டாச்சு. தடயம் பழுத்துத் தொங்குது. ஆனா எதையும் வெளியே காட்ட முடியாது. பாஸ், இவ்வளவு அழகா நாம எந்தக் கேஸையும் கண்டுபிடிச்சுத் தோத்ததில்ல."

"இன்னும் சாயங்காலம் ஆகல" என்றாள் ட்ரூடி. ஆனால் அவள் முகத்தில் காப்பீட்டுப் பணம் தர மறுக்கும்போது இருக்கிற தெம்பு இல்லை.

சாயங்காலம் துறைமுகத்தில் ஊரே கூடியிருந்தது. எடைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆள் உயர அண்டாவில் பூயா கொதித்துக்கொண்டிருந்தது. கோழி, மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், அகப்பட்ட எல்லாமும் போட்டுத் துடுப்பால் கிண்டுகிற சமாசாரம். வெளியூர் வாடிக்கையாளர்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கும் தூரத்திலேயே விசாரணை தொடங்கியது.

நார்பர்ட் ஸாஸ்ட்ரோ இரண்டாவது இடத்தில் இருந்தார். வயிறு ஒரு படி முன்னால் நிற்க, அதற்குப் பின்னால் நின்று பேசினார்.

"நான் யார் மேலயும் அபாண்டம் சொல்லல. ஒரு குரல் தினம் பேசுது. அவ மட்டும் போறா, அவ மட்டும் பிடிக்கிறா. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அந்தக் குரல் எல்லாருக்கும் கேட்டுதா?" என்றாள் ட்ரூடி.

"கேட்டுது."

"வடகிழக்குன்னு சொன்னது உங்களுக்கும் கேட்டுது?"

"கேட்டுது."

"நீங்க எங்க போனீங்க?"

"தென்மேற்கே."

"ஏன்?"

நார்பர்ட் வாயைத் திறந்தார். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு வேறு பக்கமாகத் திறந்தார். "அது சங்கேதம். வெளிய ஒரு அர்த்தம், உள்ள ஒரு அர்த்தம். அவளுக்கு மட்டும்தான் புரியும். இல்லேன்னா வேற ஒரு படகைக் காட்டுங்க. அந்தக் குரலைக் கேட்டுப் போய் மீன் பிடிச்ச இன்னொரு படகு. ஒண்ணே ஒண்ணு. காட்டினா நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

டெலோரஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கேக்கறது நியாயமாத்தான் இருக்கு ட்ரூடி. காட்ட முடியுமா?"

ட்ரூடி பலகையை மறுபடி கடைசி வரியிலிருந்து படித்தாள். கூட்டத்துக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளின் மறைவில், ஒரு நெடிய உருவம் முன்னால் வர ஓரடி எடுத்து வைப்பதை வெண்டல் பார்த்தான். பெர்னீஸும் பார்த்தாள். வர வேண்டாம் என்பதுபோல் அவள் தலை மெல்ல அசைந்தது.

அந்த நேரத்தில்தான், "கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஒரு கணவனும் மனைவியும். வாடகைக்குப் படகு எடுத்தவர்கள். இருவருக்கும் விலைச்சீட்டு கழற்றாத புதுத் தொப்பி. அயோவாவிலிருந்து வந்திருந்தார்கள், அங்கே சோளம் போடுகிறவர்கள். கடைக்கு வந்தபோது டெலோரஸ் அவர்கள் தலையில் கட்டிய போட்டிச் சீட்டையும் வாங்கியிருந்தார்கள். இப்போது இருவருமாக ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி மூடவில்லை. ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தராசில் போட்டார்கள். முள் சுற்றி நின்றபோது அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவன் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். இருபத்தொன்பது பவுண்டு.

டெலோரஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளை மறுபடி பார்த்தாள். "இதை எங்க பிடிச்சீங்க?"

"வடகிழக்குல" என்றார் கணவர். "ரேடியோவுல ஒருத்தர் சொன்னாரே. அறுபதடி, பச்சைத் தகடு, கறுப்புப் புள்ளி."

"நாங்க நன்றிகூட சொன்னோம்" என்றாள் மனைவி. "எவ்வளவு நல்ல மனுஷங்க இங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றாங்களே, வேற எந்த ஊர்ல இப்படிச் சொல்லுவாங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டே வந்தேன்."

நார்பர்ட்டின் குரல் கம்மிப் போயிருந்தது. "நீங்க அதை நம்பிட்டீங்களா?"

"ஏன்?" என்றாள் அந்த அம்மாள், கவலையோடு. "நம்பக் கூடாதா?"

பெல்கின் துறைமுகத்தின் கேப்டன்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் பதில் தெரியும். வாடிக்கையாளர்கள் கிண்ணத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். நார்பர்ட், "தாராளமா நம்பலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் காது வரை சிவந்துவிட்டார்.

"இன்னொரு படகு கேட்டீங்க" என்றாள் ட்ரூடி.

டெலோரஸ் மேசையைத் தட்டினாள். "எல்லாருக்கும் சொன்னது யாருக்கும் ரகசியம் இல்ல. புகார் தள்ளுபடி. குரல் யாரோடதா இருந்தாலும் எனக்கு அக்கறை இல்ல. பெர்னீஸ் மேல எந்தக் குத்தமும் கிடையாது." பிறகு பலகைப் பக்கம் போய், சாக்கட்டியை எடுத்து, கொஞ்சம் தயங்கினாள். முதல் வரியை அழித்து அயோவாக்காரர்களின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே பெர்னீஸ் மசார்ட். அதற்கும் கீழே நார்பர்ட்.

கூட்டம் கைதட்டியது. வெண்டலும் பாதி தட்டினான். பிறகு கை தானாக நின்றது. "பாஸ், பெர்னீஸைக் காப்பாத்தின மீனே அவங்களைத் தோக்கடிச்சிடுச்சே."

"தெரியுது" என்றாள் ட்ரூடி.

பெர்னீஸ் தன் படகில் இருந்தாள். கழிகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பருவத்தில் யாரும் கழியை உறையில் போடுவதில்லை. இவர்களைப் பார்த்ததும், "பேரைக் காப்பாத்திக் குடுத்தீங்க. போதும்" என்றாள்.

"அந்தக் குரல் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். ஆனா அதைச் சொல்லிக் கூலி வாங்க எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள் ட்ரூடி. "உங்களுக்குத்தான் முதல் நாளே தெரியுமே."

வெண்டல் திரும்பிப் பார்த்தான். பெர்னீஸ் உறையின் நாடாவை இழுத்துக் கட்டினாள். இரண்டு முறை கட்டினாள்.

"காலையில அந்தக் குரல் பேசி முடிக்கறதுக்குள்ள சுக்கானைத் திருப்பினீங்க" என்றாள் ட்ரூடி. "தெரியாத ஆள் பேச்சுக்கு யாரும் அவ்வளவு வேகமாத் திரும்ப மாட்டாங்க."

"பன்னெண்டு கோடையா பக்கத்துப் பக்கத்துப் படகு" என்றாள் பெர்னீஸ் கடைசியில். "மத்தவங்களுக்கு அவன் குரல் எப்படித் தெரியும்? ரேடியோவுல பேசினாத்தானே? எனக்குத் தினம் காலையில குட்மார்னிங் சொல்லுவான். அவ்வளவுதான் சொல்லுவான். அதைக் கேட்டுக் கேட்டு, துணி என்ன, மெத்தையைச் சுத்தினாலும் எனக்குத் தெரியும்."

"அப்போ யாருன்னு தெரியாதுன்னு எங்ககிட்ட சொன்னது?" என்றான் வெண்டல்.

"நானும் இந்தத் துறைமுகத்து ஆள்தானே."

"அப்போ நான் வாந்தி எடுத்தது எதுக்கு?"

"அது உன் சொந்த விஷயம்." அவள் அடுத்த கழியை எடுத்தாள். "புகார் நிஜம். பயமும் நிஜம். ஆனா அவனை நான் காட்டிக்குடுக்கக் கூடாது, அவனாவும் வர மாட்டான். யாராவது போய் நாலு கேள்வி கேட்டா இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் விழாதான்னு பாத்தேன். ரேடியோவுல ஊருக்கே பேசினானே, அந்த வேகத்துல எனக்கும் ஒண்ணு சொல்லிடுவான்னு நினைச்சேன். ஏதாவது விழுந்துதா?"

"எங்ககிட்ட நிறைய விழுந்துது" என்றாள் ட்ரூடி. "மிச்சம் உங்க கணக்கு."

மரப்பாலத்தில் காலடி கேட்டது. ஆம்ப்ரோஸ் ஜேடின் வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளிலும் இரண்டு பூயாக் கிண்ணங்கள். வெண்டல் ஒன்றை வாங்கக் கை நீட்டினான். ட்ரூடி அவன் காலை மிதித்தாள். இருவரும் நாலடி தள்ளிப் போய், காதுக்கு எட்டும் தூரத்தில் ஏரியை ரசிக்கத் தொடங்கினார்கள்.

"ரெண்டாவது இடம்" என்றாள் பெர்னீஸ்.

"ம்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அந்த அயோவாக்காரங்க நல்ல மாதிரி."

"ம். காத்து திரும்புது."

"திரும்பட்டும். திங்கக்கிழமை என் தங்கச்சி போன் பண்ணுவா. படகை விக்கப் போட்டாச்சான்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?"

ஆம்ப்ரோஸ் கிண்ணங்களைப் பார்த்தார். எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டே நின்றார். மறுபடி காற்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று வெண்டலுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார். மூடிப் போர்த்தாத, கொஞ்சம் கரகரத்த, அவருடைய சொந்தக் குரல்.

"விக்காத பெர்னீஸ். சுக்கானை நீ பிடி. பின்னால வலையோட நான் நிக்கறேன். சாயங்காலம் கரைக்கு வந்தப்புறமும் நான் இறங்கிப் போகாம, உன்கூடவே வீட்டுக்கு வரட்டுமா?"